பழைய ரயில் பெட்டிகளின் உட்புற வண்ணங்கள்

அமெரிக்காவின் பழைய பயணிகள் ரயில்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது வெளிப்புற வண்ணத்திலேயே நின்றுவிடுகிறது. புல்மன் பெட்டிகளின் கரும்பச்சையையும் யூனியன் பசிபிக் ரயில்களின் மஞ்சளையும் அறிந்தவர்கள்கூட அந்தப் பெட்டிகளின் உள்ளே சுவர் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் தயங்குவார்கள். இத்தனைக்கும், பயணி இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தது உட்புறத்தைத்தான். அந்த வண்ணங்களைத் தேர்ந்தெடுத்ததில் ரசனைக்குப் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு நிலக்கரிப் புகைக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓடிய மரப்பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். வால்நட், மகோகனி போன்ற கருமரங்களால் ஆன சுவர்கள், வெவ்வேறு மரத்துண்டுகளை இழைத்துப் பதித்த பூவேலைகள், அடர்பச்சை அல்லது அடர்சிவப்பு வெல்வெட் இருக்கைகள், வண்ணச் சித்திரம் தீட்டிய மேற்கூரை ஆகியவை அக்காலச் செல்வர் வீட்டு வரவேற்பறையை அப்படியே சக்கரங்களின் மேல் ஏற்றியது போன்ற தோற்றத்தைத் தந்தன. எனினும் இந்த அடர்நிறங்களுக்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. கோடையில் ஜன்னலைத் திறக்காமல் இருக்க முடியாது. திறந்தாலோ என்ஜினின் கரித்தூள் உள்ளே வந்து எல்லாவற்றின் மீதும் படியும். எண்ணெய் விளக்குகளும் தம் பங்குக்குப் புகை கக்கின. இந்தச் சூழலில் வெளிர்நிறச் சுவர் ஒன்று ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது. மங்கிய மஞ்சள் ஒளியில், வார்னிஷ் பூசிய செந்நிற மரம் ஒருவிதமாக உள்ளிருந்தே ஒளிர்வதுபோல் தெரியும் என்பதும், அதே ஒளியில் நீலம் களையிழந்து சாம்பலாகிவிடும் என்பதும் அன்றைய பட்டறைக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு எஃகு வந்தது. புல்மன் நிறுவனம் தன் முதல் எஃகுத் தூங்கும் பெட்டியை 1907-இல் கட்டியது. 1910-இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுரங்கப் பாதைகளில், தீப்பற்றும் ஆபத்தை முன்னிட்டு, எஃகுப் பெட்டிகளையே ஓட்டுவது என்று பென்சில்வேனியா ரயில் நிறுவனம் முடிவெடுத்திருந்தது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வருகிறது. சுவர் எஃகாக மாறிய பிறகும் அது மரம்போலவே தெரிய வேண்டும் என்று விரும்பினார்கள். தகட்டின் மீது முதலில் செம்மஞ்சள் அடிப்பூச்சு, அது காய்ந்ததும் மேலே மெல்லிய பழுப்புப் பூச்சு, ஈரம் உலர்வதற்குள் தூரிகையாலும் சீப்பு போன்ற கருவியாலும் இழுத்து மரத்தின் ரேகைகளை ஒவ்வொன்றாக வரைவார்கள், கடைசியில் வார்னிஷ். நல்ல கைவேலைக்காரர் வரைந்த மகோகனியைக் கையால் தொட்டுக் குளிர்ச்சியை உணர்ந்தால் ஒழிய, உலோகம் என்று நம்புவது கடினம். இதைப் பொய் அலங்காரம் என்று பிற்கால வடிவமைப்பாளர்கள் ஒதுக்கினார்கள். பெட்டிக்குள் நுழையும் பயணியின் அச்சத்தைத் தணிக்கப் பழகிய தோற்றத்தைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தக் கைத்திறனை அவ்வாறு தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நிறங்கள் உண்மையில் விடுதலை பெற்றது குளிரூட்டியால்தான். பால்டிமோர் அண்ட் ஒஹையோ நிறுவனம் 1930-இல் மார்த்தா வாஷிங்டன் என்ற உணவுப் பெட்டியில் குளிரூட்டியைப் பொருத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வசதி மற்ற ரயில்களுக்கும் பரவி, ஜன்னல்கள் நிரந்தரமாக மூடப்பட்டன. டீசல் என்ஜினும் சேர்ந்துகொண்டபோது கரித்தூள் என்ற பகை முற்றிலும் விலகியது. 1934-இல் வெளிவந்த பர்லிங்டன் செஃபிர் ரயிலின் உட்புறத்தைக் கட்டடக் கலைஞர் பால் கிரேயின் அலுவலகம் இளநிறங்களில் அமைத்தது இந்தப் பின்னணியில்தான்.

சாண்டா ஃபே நிறுவனம் 1937 மே மாதம் இயக்கத் தொடங்கிய புதிய சூப்பர் சீஃப் இன்னொரு வழியில் சென்றது. அதன் பெட்டிகளில் பெயின்ட் பின்வாங்கி, அபூர்வ மரங்களின் மெல்லிய தகடுகள் அறைக்கு அறை வேறுபட்டுச் சுவரை மூடின. ரயிலின் கடைசியில் இணைக்கப்பட்ட நவஹோ என்ற காட்சிப் பெட்டியில் மேற்கூரை நீலப்பச்சைக் கல்லின் நிறம். இருக்கைத் துணியில் நவஹோ மக்களின் நெசவுக் கோலங்கள். சுவரில் அவர்களுடைய மணல் ஓவியங்களின் பிரதிகள். ரயில் கடந்துசெல்லும் பாலைநிலத்தின் வானமும் மண்ணும் பெட்டிக்குள்ளும் தொடர வேண்டும் என்பதே நோக்கம். பூர்வகுடியினரின் சடங்கு ஓவியத்தை மது அருந்தும் கூடத்தின் அலங்காரமாக்கியது சரிதானா என்ற கேள்வியை இன்று தவிர்க்க முடியாது. வண்ண அமைப்பு என்ற அளவில் மட்டும் பார்த்தால், நான் அறிந்த பெட்டிகளில் அதுவே மிகத் துணிச்சலானது. கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் அந்தப் பெட்டி இப்போதும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானவர் தொழில்துறை வடிவமைப்பாளர் ஹென்றி டிரெய்ஃபஸ். நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே ஓடிய ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட் ரயிலை 1938-இல் அவர் அமைத்தபோது, சாம்பல் நிறத்தின் சாயல்களையே பெரிதும் நம்பினார். ரயில் பெட்டி ஏறக்குறைய 85 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட குகை. நீளச் சுவரை அடங்கிய நிறத்தில் விட்டு, குறுக்கே தடுப்புகள் வைத்தால் கண் அந்த நீளத்தை ஒரேயடியாக அளக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். இரவு உணவு முடிந்தபின் உணவுப் பெட்டியில் வெள்ளை விளக்கை அணைத்து ரோஜா நிற ஒளியைப் பரப்பி, மேசை விரிப்புகளையும் துருச்சிவப்புக்கு மாற்றி, இசையுடன் அதை இரவு விடுதியாக மாற்றும் ஏற்பாடும் இருந்தது. சுவர் அதே சாம்பல்; ஒளி மாறியதும் அறையே மாறியது.

இன்று இத்தகைய பெட்டியைப் புதுப்பிப்பவர்களுக்கு மூல நிறத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நம்ப முடியாது. சிவப்பை உணராத அந்தக் காலத்து பிலிமில் சிவப்பு வெல்வெட் கறுப்பாகவும் நீலம் ஏறக்குறைய வெள்ளையாகவும் பதிந்திருக்கும். ஆகவே விளக்குத் தாங்கியையோ, பெட்டி எண் பொறித்த தகட்டையோ திருகாணி கழற்றி எடுத்து, அதற்கு அடியில் வெளிச்சமும் சோப்புத் தண்ணீரும் படாமல் தப்பிய இடத்தைத் தேடுகிறார்கள். அங்கே மெல்லிய மணல்தாளால் வட்டமாகத் தேய்த்தால், மேலே நிறுவனம் கடைசியாகப் பூசிய இளம்பச்சை, அதற்குள் வெண்மஞ்சள், அதற்குள் பழுப்பு ரேகைகள், நடுவில் செம்மஞ்சள் அடிப்பூச்சு என ஒவ்வோர் அடுக்கும் வளையமாகத் தெரியவரும். பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கும் என்பதால் முகக்கவசமின்றி இதைச் செய்யக் கூடாது.

அந்த வளையங்களைப் பார்த்தவுடன் நிறத்தைப் பொருத்திவிடுவதும் அவசரம். ஆளி விதை எண்ணெய்ப் பூச்சு இருட்டில் மூடிக் கிடந்தால் மஞ்சளாகிவிடும். சில நாட்கள் வெளிச்சத்தில் விட்டால் அந்த மஞ்சள் பெருமளவு தணியும். அதன் பிறகே, நிறங்களை எண்ணிட்டு வரிசைப்படுத்திய மன்செல் வண்ண அட்டைகளுடன் ஒப்பிட வேண்டும். பெயின்ட் கலக்கும்போதும் பட்டறையின் குழல் விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பெட்டியில் எரிந்த இழை விளக்குக்கு இணையான, 2700 கெல்வின் அளவிலான வெதுவெதுப்பான ஒளியில் மாதிரியைப் பார்ப்பது அவசியம். பகல் வெளிச்சத்தில் சேறுபோல் தெரியும் ஒரு பழுப்பு அந்த ஒளியில் தேனின் நிறம் பெறுகிறது. அதைக் காணாமல், பார்வையாளருக்குப் பிடிக்காது என்று கருதி வெளிர்நிறத்துக்கு மாற்றிவிட்ட பெட்டிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.