சந்தன மஞ்சளா, இலைப் பச்சையா

எங்கள் மாடி அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் மேற்கே. தரை தாத்தா காலத்து ரெட் ஆக்சைடு. இவை இரண்டையும் மறந்துவிட்டு, சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று ஷேடு கார்டைப் புரட்டிப் பயனில்லை.

அம்மாவுக்குச் சந்தன மஞ்சள் வேண்டும். எனக்கு அடர்ந்த இலைப் பச்சை. "ரூம் இருட்டடிச்சுப் போயிரும்டி" என்றாள். சரி, சின்ன டப்பாக்களில் வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பார்த்தோம். நடுவில் நல்ல இடைவெளி விட்டோம், ஏனென்றால் ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும். பாரிசின் கோப்லான் நெசவுக்கூடத்தில் கறுப்புச் சாயம் சோகையாகத் தெரிகிறது என்று புகார் எழுந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அருகிலிருக்கும் நிறங்களில்தான் என்று கண்டவர் வேதியியலாளர் ஷெவ்ரல். 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே போட்டார்.

காலையில் மஞ்சள்தான் அழகு, மறுக்கவில்லை. மூன்று மணிக்கு மேல் வெயில் தரையில் விழுந்ததும் கதை மாறியது. சிவப்பு மேலே ஏறி, சந்தனம் ஆரஞ்சு மிட்டாய் ஆகிவிட்டது. எல்ஆர்வி என்று ஓர் எண் உண்டு; விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதன் அளவு. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் மஞ்சள் 70ஐத் தாண்டும். தரை அனுப்பும் சிவப்பையும் சேர்த்தே திருப்பித் தரும். என் பச்சை 10 பக்கம்தான், வந்ததைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. கண் கூசவில்லை.

இரவில் பச்சை தோற்றது. 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் பாசி பிடித்த மாதிரி இருந்தது. வெளிச்சம் இன்னும் வெள்ளையான 4000 கெல்வின் பல்பு மாட்டியதும் தேறியது. அடர் நிறம் உஷ்ணம் என்றார் பக்கத்து வீட்டு மாமா. மாடி அறையின் சூடு மொட்டைமாடித் தளத்திலிருந்து இறங்குவது; உள்சுவர் நிறத்துக்கு அதில் பெரிய பங்கில்லை.

முடிவு: எதிர்ச்சுவர் மட்டும் பச்சை. மற்ற மூன்றும் வெள்ளை, ஜன்னல் சுவர் உட்பட. வெளிச்சம் வரும் ஜன்னலைச் சுற்றி இருட்டாக இருந்தால் கூச்சம் இன்னும் கூடும். அம்மாவின் மஞ்சளோ, சாம்பல் நிற மொசைக் போட்ட சாப்பாட்டு அறைக்குப் போகிறது.

பச்சையில் மேட் ஃபினிஷ் எடுத்தோம். பளபளப்பு வகை என்றால் பழைய சுவரின் மேடுபள்ளம் எல்லாம் சாயங்கால வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். மேட் ஃபினிஷில் கறையைத் துடைத்தால் தடம் தெரியும் என்கிறார் பெயிண்டர் அண்ணன். கை படும் உயரத்துக்கு அங்கே பீரோ வரப்போகிறது, பரவாயில்லை.