மான் எங்கே நிற்கும்?

திருகோணமலை நகரத்து முன்பள்ளியில் காலையில் கதவடியிலேயே இரண்டு மூன்று மொழி காதில் விழும். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், அம்மாவோடு சிங்களமும் அப்பாவோடு தமிழும் கதைக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாயில்தான். பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி: "டீச்சர், வீட்டில இங்கிலீஷ் புத்தகம் மட்டும் வாசிக்கட்டா? இல்லாட்டி பிள்ளை குழம்பிடும் என்ன?"

குழம்பாது. உங்களுக்குத் தடக்காமல் வருகிற மொழியில் வாசியுங்கள் என்பேன். இருமொழிப் பிள்ளையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் சளைத்ததல்ல.

வாசிப்பதை விட, நடுவில் நிறுத்திக் கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. புத்தகத்தில் மான் காட்டில் நிற்கும். "மான் எங்க நிக்கும்?" என்று கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்குக் காடு நினைவுக்கே வராது. "கோட்டையடியில!" "கடற்கரையில!" இந்த ஊரில் மான்கள் தெருவிலேயே திரிகின்றனவே. சிங்களம் கூடுதலாகப் பேசும் பிள்ளை, மானைச் சிங்களத்தில் சொல்லி, "முவா வாழைப்பழத் தோல் சாப்பிட்டது" என்னும். நான் திருத்துவதில்லை. "ஓம், மான் வாழைப்பழத் தோல் சாப்பிட்டது. வேற என்ன சாப்பிட்டது?" என்று நீட்டுவேன். "பொலித்தீன்!" என்று நாலு பேர் கத்துவார்கள். (உண்மைதான், பாவம்.) அன்றைக்குக் கதை முடியாது. முடியாவிட்டால் என்ன?

1988இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டின் குழு இதை ஒரு மாதம் சோதித்தது. எல்லா வீட்டிலும் வாசித்தார்கள். ஆனால் விரிவாகப் பதில் சொல்லவைக்கும் கேள்வி கேட்டு, பிள்ளையின் பதிலை நீட்டிச் சொன்ன வீடுகளில்தான் பிள்ளைகள் பேச்சில் முந்தினார்கள். "இது என்ன நிறம்?" என்பது அந்த வகைக் கேள்வியல்ல. ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

புதிய மொழிக்குள் வந்த பிள்ளை மாதக்கணக்கில் வாய் திறக்காமலும் இருக்கலாம். விரலால் படத்தைத் தொட்டாலே நான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வேன். சிரமம் எல்லாம் பிள்ளைகள் கூட்டமாக இருக்கும்போதுதான். இருபது பேரை வைத்துக்கொண்டு இப்படி வாசிக்க முடியாது, சத்தம்தான் மிஞ்சும். ஐந்தாறு பேராகப் பிரித்தால் சரிவரும், மற்றவர்களுக்கு மண்ணும் தண்ணீரும் கொடுத்து வெளியில் விட வேண்டும்.

புத்தகங்களை வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிறேன். "எங்கட உம்மம்மாக்கு வாசிக்கத் தெரியாதே" என்று ஒரு தாய் தயங்கினார். படத்தைப் பார்த்துப் பாட்டிக்குத் தோன்றும் கதையைச் சொல்லட்டும், நடுவில் பிள்ளையிடமும் கேட்கட்டும் என்றேன்.