சனிக்கிழமை தூக்கிய கேன், திங்கட்கிழமை பிடித்த இடுப்பு

லிஃப்ட் இல்லாத அடுக்ககங்களில் வாரத்துக்கு ஒருமுறை ஒரு வீரவிளையாட்டு நடக்கும். "அண்ணே, இன்னிக்கு நான் ஒரே ஆளு, கேனைக் கீழயே வெச்சிட்டுப் போறேன்" என்று தண்ணீர் போடும் பையன் போனில் சொல்லிவிடுவான். வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். மூன்று கேன்களை இரண்டாவது மாடிக்கு ஏற்றி, ஒன்றை ஸ்டூல் மேல் இருக்கும் டிஸ்பென்சரில் கவிழ்த்துவிட்டு நிமிரும்போது, மூன்றாவது கேன் முதல் மாடி மாமியுடையது என்று தெரியவரும். அதைத் திரும்பவும் இறக்க வேண்டும். சனிக்கிழமை மாலை இவ்வளவுதான் நடந்தது. வலி எதுவும் இல்லை, பெருமைதான் இருந்தது.

இடுப்புக்கு நடந்தது வேறு. கேனில் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. கவிழ்ப்பதற்காகக் கையை நீட்டியபோது கேன் முதுகெலும்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் போனது. அதைத் தாங்க வேண்டிய முதுகுத்தசை முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. தூரம் பத்து மடங்கு என்றால் தசை இழுக்க வேண்டிய விசையும் பத்து மடங்கு. 20 கிலோவுக்கு 200 கிலோ. குனிந்த உடம்பின் எடை இந்தக் கணக்கில் சேரவில்லை. அதே கேனை வயிற்றோடு அணைத்து 20 சென்டிமீட்டரில் வைத்திருந்தால் 80 கிலோவோடு போயிருக்கும். போதாததற்கு, கவிழ்க்கும் அவசரத்தில் இடுப்பையும் திருகினார். பாரத்தோடு குனிவதும் திருகுவதும் ஒன்றாகச் சேர்வதுதான் இடுப்புக்கு ஆகாது.

அன்றிரவு வலது கெண்டைக்காலில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிப்பு. "வலப்பக்கம் துடிச்சா ஆம்பளைக்கு நல்லது மாப்ள" என்று மாமியார் முடித்துவிட்டார். மாப்பிள்ளை நள்ளிரவில் கூகுளிடம் கேட்டார். அது நேராகத் தீராத நரம்பு நோய்களுக்குக் கூட்டிப்போனது. அவர் இன்சூரன்ஸ் பாலிசியைத் தேட ஆரம்பித்தார். களைத்த தசையில் நரம்பு நுனிகள் கட்டளை இல்லாமலே அவ்வப்போது சுடும், அவ்வளவுதான். தூக்கம் குறைந்தாலும் காபி கூடினாலும் இன்னும் துடிக்கும். குதிகாலில் நடக்க முடிகிறதா, முன்பாதத்தில் எம்பி நிற்க முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று பார்த்தால் போதும். வலுவும் குறையாமல் தசையும் மெலியாமல் துடிப்பு மட்டும் வந்து போனால் தூங்கலாம். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை தொடைகள் கல்லாகின. இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருப்பது தனி வேலையாகிவிட்டது. "லாக்டிக் ஆசிட் சார்" என்றார் ஜிம்முக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தம்பி. அது உழைப்பு நின்ற ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ரத்தத்திலிருந்து பெரும்பாலும் போய்விடும். இரண்டு நாள் காத்திருந்து பழிவாங்காது. பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போது அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அதைச் சீர்செய்யும் வேலையில் வரும் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். படி ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடைத்தசை அப்படி நீளும். ஆக, தொடை வலிக்கு முக்கியக் காரணம் மாமியின் கேன். இந்த வலி நான்கைந்து நாளில் போய்விடும். ஆனால் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது வேறு கதை: சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இத்தனைக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது பல் தேய்க்கும்போது. வாஷ்பேசின் முன் லேசாகக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "பிரஷ் தூக்கினதுக்கா இந்தப் பாடு?" என்றார் மனைவி. இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பும்; காலையில் நாம் ஒரு சென்டிமீட்டராவது உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க்கோடு குனிந்தால் அழுத்தம் கூடும். ஏற்கெனவே நொந்த தசைக்கு அதுவே போதும், இறுகிக்கொள்ளும். ஒரு கையை பேசினில் ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்துக் குனிந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம்.

பிறகு வைத்தியர்கள் கூடினார்கள். "வாய்வு. பூண்டைச் சுட்டுச் சாப்பிடுங்க" என்றார் மாமி. குடலில் இருக்கும் காற்று இடுப்புத்தசைக்குள் போக வழியில்லை. பூண்டால் கெடுதலும் இல்லை. ஆனால் நெஞ்சிலோ இடது தோளிலோ தாடையிலோ அழுத்தி, கூடவே வியர்த்தால், அதையும் வாய்வு என்று பூண்டு தேடக்கூடாது. அடுத்து, காலால் பிறந்த பேரனை அழைத்து இடுப்பில் உதைக்கச் சொல்லலாமா என்று ஆலோசனை. பெரும்பாலான பிடிப்புகள் சில வாரங்களில் தாமாகவே விடும் என்பதால் உதைத்தவருக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. எலும்பு தேய்ந்த பாட்டிமாரிடம் மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம், முதுகெலும்பே நொறுங்கலாம்.

செய்ய வேண்டியது சுவாரசியமில்லாத வேலை. துண்டு சுற்றிய வெந்நீர்ப் பை, 15 முதல் 20 நிமிடம். தைலம் தடவிய இடத்தில் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. எழும்போது பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையால் தள்ளி எழ வேண்டும். பிறகு நடக்க வேண்டும், ஐந்து நிமிடமானாலும் சரி. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களை வைத்து 1995இல் வெளியான ஓர் ஆய்வில், படுத்தே கிடந்தவர்களையும் பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடவும் வேண்டாம். முதுகுவலியே இல்லாத 98 பேரை 1994இல் அப்படிப் படமெடுத்ததில் 52 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அதே படம் வலியோடு இருப்பவர் கையில் கிடைத்தால், பிடிப்பு விட்ட பிறகும் "எனக்கு டிஸ்க்" என்று குனியாமலே இருந்துவிடுவார். சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் அடைபடுவது, உட்காருமிடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக்கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகுவலியையும் அன்றே காட்ட வேண்டும்.

டிஸ்பென்சர் காலியானால் அடுத்த கேனைக் கவிழ்க்கவே வேண்டியதில்லை. கேனின் வாயில் மாட்டும், சார்ஜ் போட்டு ஓட்டும் பம்பு கடையில் கிடைக்கிறது. கேன் தரையிலேயே இருக்கும். கவிழ்த்தே ஆக வேண்டுமென்றால் பாதித் தண்ணீரைக் குடத்தில் சரித்துவிட்டு, மீதியை வயிற்றோடு அணைத்துத் தூக்கி, இடுப்பைத் திருகாமல் கால்களை நகர்த்தித் திரும்புங்கள்.