வேப்பிலை கீழிருந்து வருகிறது

பெப்ரவரி 17

இரண்டு நாளாகக் காய்ச்சல். யாரிடமும் சொல்லாமல் பாடசாலைக்குப் போய் வந்தேன். வீட்டுக்கு மூத்தவள், அப்பா இல்லாத குடும்பத்துக்குச் சம்பளம் கொண்டு வருகிறவள், படுக்கக் கூடாது என்றே பழகிவிட்டேன். இன்று காலை கழுத்திலும் நெஞ்சிலும் நீர் கோத்த கொப்புளங்கள். அம்மா விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். பிறகு விளக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வந்துட்டியா தாயே, பொறுத்துக்க.”

என்னிடம் பேசவில்லை. எனக்குள் வந்திருப்பவளிடம் பேசினார்.

பெப்ரவரி 18

டிஸ்பென்சரியில் கொப்பளிப்பான்தான், அதாவது சின்னம்மை என்றார்கள். பெரியவர்களுக்குச் சற்றுக் கடுமையாகவே வருமாம். கொப்புளம் தோன்றிய முதல் நாளுக்குள் தொடங்கினால் மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்று சொல்லி உடனே எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பிரின் மட்டும் தொடக் கூடாது.

கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குத் தொற்றும் என்று கேட்டபோதுதான் வயிறு கலங்கியது. என்னோடு படிப்பிக்கும் தங்கச்சி ஒருத்தி ஐந்து மாதக் கர்ப்பிணி. போன் எடுத்து, “காய்ச்சலோட வந்தது என் பிழைதான். நீ இன்னைக்கே டாக்டரைப் பாரு” என்றேன். இப்படிப் பிழையை ஒப்புக்கொண்டு பேசி எத்தனை வருடமாகிறது! அவள் கோபப்படவில்லை. “அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

மாத்திரையை அம்மா சாமிப் படத்துக்கு முன் வைத்து எடுத்துத்தான் தந்தார்.

பெப்ரவரி 20, வெள்ளி

இந்தத் தேயிலை மலைக் குளிரில் வேம்பு வளராது. இளநீரும் கிடையாது. இரண்டும் கீழிருந்துதான் வர வேண்டும். மாத்தளையில் இருக்கும் சித்தப்பா ஒரு பை நிறைய வேப்பிலையையும் நாலு இளநீரையும் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். யாரிடமும் எதுவும் கேட்காத என் பெயரைச் சொல்லி அம்மா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் கூச்சமாக இருந்தது.

மாலையில் பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில், இருக்கும் பெரியம்மா இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து, கதவுக்கு வெளியே இருந்தபடியே கதை சொன்னார். மாரியம்மன் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உடம்பு எரியும்போது கேட்பது வேறு.

புருஷன் ஜமதக்னி இறந்ததும் ரேணுகை தீயில் பாய்கிறாள். மழை கொட்டித் தீ அணைந்துவிடுகிறது. உடம்பெல்லாம் கொப்புளம், உடுத்தத் துணியில்லை. வேப்பிலையைப் பறித்துக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து பசிக்கிறது என்று கேட்கிறாள். சனங்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுக்கிறார்கள். நாம் கோயிலில் மாவிளக்கு வைப்பதும் வேப்பிலை கட்டுவதும் அதனால்தான் என்று முடித்தார் பெரியம்மா.

சரி, இவ்வளவு காலமும் நான் எந்தக் கதையைக் கேட்டேன்? சூலத்தையும் சிங்கத்தையும் மட்டும் மனதில் வைத்திருந்தேன். நாம் கும்பிடுகிறவள் வாசலில் வந்து நின்று பசிக்கிறது என்று சொன்னவள். அவள் கேட்டாள், சனங்கள் கொடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் அவள் தாய்.

பெப்ரவரி 22

அரிப்பு. எழுத முடியவில்லை.

பெப்ரவரி 23

நேற்று ராத்திரி அழுதேன். அரிப்புக்காகத் தொடங்கியது, அப்பாவின் சாவு வரைக்கும் போய்விட்டது. அன்று நான் அழவே இல்லை. கல்லு மாதிரி நின்றாளே என்று எல்லோரும் மெச்சினார்கள், அதைப் பட்டமாகச் சுமந்தேன்.

அம்மா வேப்பிலைக் கொத்தால் முதுகை வருடிக்கொண்டே சொன்னார்:

“நீ கல்லு மாதிரி இருந்தது எனக்குப் பயமா இருந்துச்சு புள்ள. நான் மலையில நின்னு அழுதிருக்கேன், கொழுந்து எடுத்துக்கிட்டே. கண்ணு மறைச்சுக் கையி ஓடல. பக்கத்து நிரைக்காரி ஒன்னும் கேக்கல. என் நிரையிலயும் எடுத்து என் கூடையில போட்டா. அன்னைக்கு எனக்கு முழுப்பேரு விழுந்துச்சு.”

முழுப்பேர் என்றால் முழு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். அந்த நிரைக்காரி யாரென்று கேட்டேன். கதவுக்கு வெளியே கதை சொன்ன பெரியம்மாதான்.

பெப்ரவரி 25

கொப்புளங்கள் காய்கின்றன. அம்மா அவற்றை முத்து என்றுதான் சொல்வார். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசித் தேர் நெருங்குகிறது. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். காலராவிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். அவர்களுக்குத் துணை வந்தவள் மாரி. நோய்க்கும் அவளுக்கும் ஒரே பெயர், அம்மை. பெற்றவளுக்கும் அதே பெயர். பெரியம்மை உலகிலேயே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவித்துவிட்டார்கள். பெயர் மட்டும் நம் வாயில் இருக்கிறது. படுத்துக் கிடப்பவளைச் சாமி என்று கும்பிடும் வழக்கமும் இருக்கிறது. அதை விட்டுவிடக் கூடாது.

கீழ்வீட்டுச் சிங்கள அக்கா பப்பாசிப்பழம் கொடுத்தனுப்பினார். அவர்கள் இதைத் தெய்வத்தின் நோய் என்கிறார்கள். அவர்களுடைய பத்தினித் தெய்வம் நம் கண்ணகிதான். நோய் தீர்ந்ததும் ஏழு தாய்மாரை அழைத்துப் பாற்சோறு கொடுப்பார்களாம், அவர்களுக்குக் கிரி அம்மா என்று பெயர். கிரி என்றால் பால். இங்கே வேப்பிலை, அங்கே பால். இரண்டு வீட்டிலும் நோயாளியைச் சுற்றிப் பெண்கள்.

பெப்ரவரி 27, வெள்ளி

கடைசிக் கொப்புளமும் காய்ந்துவிட்டது. தலைக்குத் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்திருந்த தண்ணீரை அம்மா சொம்பு சொம்பாக ஊற்றினார். சின்னப் பிள்ளை போல முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானே துவட்டிக்கொள்கிறேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

“அம்மா, தலையத் துவட்டி விடு” என்றேன்.

துவட்டினார். கூடைக் கயிறு முப்பது வருடம் அழுத்திய அவர் நெற்றியில் அந்தத் தழும்பு, இவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் பார்த்தேன். தலையைத் துவட்டி முடித்ததும் படியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்புறம், “முழங்காலு ரெண்டு வருசமா வலிக்குது புள்ள. கொஞ்சம் எண்ண தேச்சு விடுறியா?” என்றார்.