டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பு: செய்முறைத் தேர்வுக்குக் கை பழகும் விதம்

பற்களைச் சுத்தம் செய்து ஈறுகளைப் பராமரிக்கும் டென்டல் ஹைஜீனிஸ்ட் பணிக்கான படிப்பில் எனக்கு அதிக உழைப்பைக் கேட்டது எழுத்துத் தேர்வு அன்று. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை, மில்லிமீட்டர் குறிகள் கொண்ட மெல்லிய கருவியான ப்ரோப் கொண்டு அளக்கும் பயிற்சிதான். ஒவ்வொரு பல்லிலும் வெளிப்புறம் மூன்று, உட்புறம் மூன்று என ஆறு இடங்களில் அளக்க வேண்டும் என்பதால், 32 பற்களும் உள்ள ஒருவருக்கு 192 அளவுகளைப் பதிவு செய்ய நேரும். ஆரோக்கியமான ஈறில் அளவு 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஆனால் ப்ரோபை அழுத்திக் குத்தினால் நல்ல ஈறும் ஆழம் காட்டும். தயங்கித் தொட்டாலோ, ஈறு நோயால் பல்லை ஒட்டி உண்டாகும் ஆழமான இடைவெளி, அதாவது உண்மையான ஈறுப்பை, கண்ணுக்குத் தப்பிவிடும். சிறிய டிஜிட்டல் தராசின் தட்டில் ப்ரோபின் நுனியை வைத்து, 20 முதல் 25 கிராம் காட்டும் அளவுக்கு மட்டும் அழுத்திப் பழகுங்கள். எந்த விரிவுரையையும்விட இந்த எளிய பயிற்சி கைக்கு நிதானம் தரும்.

பல்லில் இறுகிப் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் கிரேசி க்யூரெட்டுகளின் எண்களை வெறுமனே உருப்போடுவதில் பயனில்லை. கடைவாய்ப் பற்களின் முன்பக்கப் பரப்புக்கு 11/12, பின்பக்கப் பரப்புக்கு 13/14 என்பதைப் பல் மாதிரியில் வைத்துப் பார்த்தே மனத்தில் பதிக்க வேண்டும். கருவியின் கடைசித் தண்டுப் பகுதி பல்லின் பரப்புக்கு இணையாக நின்றால் அலகு (சுரண்டும் முனை) சரியாக அமர்ந்திருக்கிறது என்று பொருள். கூர்மையையும் அடிக்கடி சோதியுங்கள். மழுங்கிய க்யூரெட் காரையைப் பெயர்த்தெடுக்காமல் அதன் மேற்பரப்பை வழவழப்பாக்கிவிடும்; அதன் பிறகு அங்கே காரை இருப்பதைக் கண்டுபிடிப்பதே கடினம்.

செய்முறைத் தேர்வில் சுத்தம் செய்த பல்லை மட்டுமல்லாமல், மோதிர விரல் பல்லின் மேல் உறுதியாக ஊன்றியிருக்கிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா என்பவற்றையும் கவனிப்பார்கள். இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம்; கழுத்து, தோள், மணிக்கட்டு வலி இத்தொழிலில் மிகப் பரவலானது.

வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும்போது, நோயாளிக்கு விளக்கிச் சொல்லவும் பழக வேண்டும். துலக்கும்போது ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமலே விட்டுவிடுபவர்கள் ஏராளம். அங்கே படிந்த கிருமிப் படலமே வீக்கத்துக்குக் காரணம் என்பதையும், மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால்தான் அது தணியும் என்பதையும் குற்றம் சாட்டும் தொனியில்லாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். புகைபிடிப்பவர்களின் ஈறில், நோய் முற்றியிருந்தாலும் ரத்தக்கசிவு குறைவாகவே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். தேர்வறையில் மட்டுமல்ல, பணியிலும் பலரை ஏமாற்றும் அறிகுறி அது.

மரப்பு ஊசி போடுவது, மருத்துவர் மேற்பார்வையின்றிப் பணிபுரிவது போன்ற உரிமைகள் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், படிப்பில் சேருமுன் நீங்கள் பணிபுரிய விரும்பும் இடத்தின் உரிம விதிகளைப் படித்துவிடுங்கள்.