ஃபோக்ஸல்: ஒரு சொல்லோடு இரண்டு வாரம்

விக்டரி கப்பலின் மர மாதிரியை நான்கு மாதங்களாகக் கட்டி வருகிறேன். 1765இல் நீரில் இறக்கப்பட்டு, இன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் நிற்கும் போர்க்கப்பல் அது. கப்பலின் முன்பகுதியான அணியத்தின் மேல்தளப் பலகைகளை ஒட்டி முடித்த அன்று, அனுபவம் மிக்க மாதிரிக் கலைஞர் ஒருவரிடம் அந்தப் பகுதியின் பெயரை "ஃபோர்-காஸில்" என்றேன். "ஃபோக்ஸல்" என்று பொறுமையாகத் திருத்தினார். அன்றிலிருந்து, பசை காயும் நேரமெல்லாம் இப்படிப் பேச்சில் சுருங்கும் ஆங்கிலக் கப்பல் சொற்களுக்கே போகிறது.

எழுத்தில் மூன்று அசை, வாயில் இரண்டு. அழுத்தம் முழுவதும் "ஃபோக்" மீது விழ, "ஸல்" அரை மூச்சில் கழிகிறது. ஆனால் பொருளைக் காட்டுவது எழுத்துதான். ஃபோர் என்றால் முன். காஸில் என்றால் கோட்டை. இடைக்காலப் போர்க்கப்பல்களின் முன்பகுதியில் கோட்டை போல உயர்ந்த மேடை இருந்தது. வில்லாளர்கள் அதில் நின்று எதிரியின் தளத்தின் மீது அம்பு எய்தார்கள். பின்னாளில் மேடை தாழ்ந்துவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. வணிகக் கப்பல்களில் சாதாரண மாலுமிகள் படுத்துறங்கிய முன்னறைக்கும் அதே பெயர். நான் ஒட்டிய விரலளவுப் பலகைகளுக்குள் இத்தனை வரலாறு இருப்பதை அறிந்தபோது சிலிர்த்துவிட்டது.

முதல் வாரம் முழுவதும் நடுவிலுள்ள "ர்" என் நாவை விட்டுப் போகவில்லை. அலைபேசியில் பதிவுசெய்து கேட்டால் ஒவ்வொரு அசையும் சம எடையோடு ஒலித்தது. வழி காட்டியது நம் ஐகாரக்குறுக்கம். தனித்து நிற்கும் "ஐ"க்கு இரண்டு மாத்திரை. "கடலை" என்ற சொல்லின் ஈற்றில் ஒன்றுதான். கப்பல் பாயைக் குறிக்கும் "ஸெயில்" அப்படித்தான்: தனியாக நின்றால் நீள்கிறது, "மெயின்" முன்னால் வந்ததும் சுருங்கி "மெயின்ஸல்" ஆகிவிடுகிறது. இதைப் பிடித்த பிறகு நாக்கு இளகியது.

மற்றவை வேகமாக வந்தன. தளப் பணிகளை மேற்பார்ப்பவரைக் குறிக்கும், படகும் பணியாளும் சேர்ந்த "போட்ஸ்வெயின்", பேச்சில் "போஸன்". படகு விளிம்பைக் குறிக்கும் "கன்வேல்", "கன்னல்" ஆகிறது. முதல் எழுத்தைக் கங்கையில் வருவது போல ஒலிக்க வேண்டும். காற்று வீசிச் செல்லும் திசையைச் சொல்லும் "லீவார்ட்", மாலுமி வாயில் "லூஅர்ட்".

இரண்டாம் வாரத்தின் பெரும்பகுதியை "ஸ்டடிங்ஸெயில்" எடுத்துக்கொண்டது. மென்காற்றில் வேகம் கூட்ட, சதுரப் பாய்களுக்கு வெளியே கழி நீட்டிக் கட்டும் கூடுதல் பாய் இது. சொல்லும்போது "ஸ்டன்ஸல்". முன் பாய்மரத்தின் மேற்பகுதியில் கட்டினால் அதன் முழுப்பெயர் "ஃபோர்-டாப்கேலன்ட்-ஸ்டடிங்ஸெயில்". சொல்ல வேண்டியதோ "ஃபோர்-டகேலன்ட்-ஸ்டன்ஸல்". நேற்று இருபது முறை முயன்றதில் மூன்று முறைதான் சரியாக வந்தது. இன்றிரவு அந்தப் பாய்க்கான கழியை உப்புத்தாளால் தேய்க்கப் போகிறேன், பெயரைச் சொல்லிக்கொண்டே.