மூழ்கடித்த கணக்கில் வராத கார்வெட்டுகள்

இரண்டாம் உலகப்போர்க் கப்பல்கள் என்றாலே பிஸ்மார்க், ஹூட், யமாட்டோ என்றுதான் பேச்சு போகும். எனக்குப் பிடித்தது அந்தப் பேச்சில் எங்கும் வராத ஒன்று, பிரிட்டனின் 'ஃபிளவர்' வகை கார்வெட், அதாவது சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகும் சிறிய போர்க்கப்பல். 205 அடி நீளம், ஆயிரம் டன்னுக்கும் குறைவு, முன்னால் ஒரே ஒரு நாலு அங்குல பீரங்கி, பின்னால் நீருக்குள் வெடித்து நீர்மூழ்கியைத் தாக்கும் டெப்த் சார்ஜ் குண்டுகள், அவ்வளவுதான்.

போர் நெருங்கியபோது பிரிட்டனிடம் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போகக் கப்பல் போதவில்லை. ஸ்மித்ஸ் டாக் நிறுவனத்தின் வில்லியம் ரீட், அவர்கள் ஏற்கெனவே கட்டியிருந்த 'சதர்ன் பிரைட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலை அடிப்படையாக வைத்து இதை வரைந்து கொடுத்தார். போர்க்கப்பல் கட்டிப் பழக்கமில்லாத சிறிய தளங்களும் கட்ட முடிய வேண்டும் என்பதால் டர்பைன் கிடையாது, பழைய பிஸ்டன் நீராவி எஞ்சின், ஒற்றைப் புரொப்பெல்லர். கரையோரக் காவலுக்கு என்று நினைத்துக் கட்டியதை, வேறு வழியில்லாமல் அட்லாண்டிக் நடுக்கடலுக்கு அனுப்பினார்கள். அங்கே அது உருண்ட உருட்டல் இருக்கிறதே! ஈரப் புல்லில் விட்டாலும் உருளும் என்று மாலுமிகளே சொல்வார்களாம். ஆரம்பக் கப்பல்களில் சமையலறை பின்னால், மாலுமிகள் தங்கும் இடம் முன்னால், நடுவே அலை ஏறி அடிக்கும் திறந்த தளம். சாப்பாடு கைக்கு வரும்போது ஆறிப்போய் உப்புத் தண்ணீரில் ஊறியிருக்கும்.

வேகம் மணிக்கு 16 கடல் மைல். ஜெர்மன் நீர்மூழ்கியான யு-போட் நீருக்கு மேலே 17 போகும். துரத்துகிறவனைவிடத் தப்புகிறவன் வேகமானவன் என்றால் இந்தக் கப்பலால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். ஆனால் யு-போட்டின் அந்த வேகம் மேலே இருக்கும்வரைதான். உள்ளே முங்கிவிட்டால் பேட்டரிதான் கதி. எவ்வளவு முயன்றாலும் மணிக்கு ஏழெட்டு கடல் மைல், அதுவும் கொஞ்ச நேரம், அப்புறம் தவழ்ச்சிதான். ஆக, ஒரு கார்வெட் அதை நோக்கி ஓடி முங்க வைத்து, சில மணி நேரம் தலைதூக்க விடாமல் வைத்திருந்தால் போதும், கான்வாய் (காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்கள்) போய்விடும். குண்டு ஒன்றுகூடப் படவேண்டியதில்லை. அதனால்தான், இந்தக் கப்பல் எத்தனை யு-போட்டை மூழ்கடித்தது என்று எண்ணி அதை அளப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

தொடக்கத்தில் இந்த வேலையைச் செய்யக் கண் இல்லை என்பதுதான் பெரிய கொடுமை. நீர்மூழ்கியைத் தேடும் அஸ்டிக் கருவியின் ஒலியலை நீருக்கடியில் இருப்பதைத்தான் பிடிக்கும், யு-போட்டுகளோ இரவில் மேலே மிதந்தபடியே கான்வாய்க்குள் நுழைந்தன. 1940 அக்டோபரில் எஸ்சி-7 கான்வாயின் 35 கப்பல்களில் 20 போயின. அதில் 'புளூபெல்' என்ற கார்வெட் வேட்டையாட நேரமில்லாமல் கடலில் தத்தளித்தவர்களைத் தூக்கிக்கொண்டே இருந்தது. 85 பேருக்கான கப்பலில் 200 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு கரை சேர்ந்தது. 1941-ல் 'ஆர்கிஸ்' என்ற கார்வெட்டில் 271 வகை ரேடாரைப் பொருத்திச் சோதித்தார்கள், அது மற்றக் கப்பல்களுக்கும் பரவிய பிறகுதான் இருட்டில் மிதக்கும் யு-போட் தெரியத் தொடங்கியது. அத்தனை பேரைக் காப்பாற்றிய புளூபெல்லை 1945 பிப்ரவரியில், ரஷ்யாவின் கோலா வளைகுடா பக்கம் யு-711 டார்பிடோவால் அடித்தது. பிழைத்தவர் ஒரே ஒருவர். ஐரோப்பாவில் போர் முடிய மூன்று மாதம்கூட இல்லை என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நம் கடலிலும் ஒன்று கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால், விமானந்தாங்கி 'ஹெர்மிஸ்' மூழ்கிய அதே நாளில், 'ஹாலிஹாக்' என்ற கார்வெட்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. நீர்மூழ்கிக்காகக் கட்டிய கப்பல், வானத்தில் இருந்து வந்ததற்கு அதனிடம் பெரிதாகப் பதில் இல்லை.

250-க்கு மேல் கட்டியதில் இன்று மிச்சம் ஒன்றே ஒன்று: கனடாவின் 'சாக்வில்', ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில். 1942 ஆகஸ்டில் மூடுபனிக்குள் யு-போட்டுகளோடு அடுத்தடுத்து மோதி இரண்டுக்குப் பலத்த சேதம் செய்தது. மூழ்கடித்தது என்று கணக்கில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏறிப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.